சௌமியா இல்லாத பிளெக்ஸ்

என் தங்கை சௌமியா பெரிய மனுஷியான சேதி உப்பிலியபுரம் போய்ச் சேர்ந்த அன்று மாலையே, சிவசங்கர் மாமா பிளெக்ஸ் டிசைனோடு திருவானைக்காவலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய்மாமன் சீர் என்றால் அவருக்குத் தேரோட்டம் மாதிரி. போனை நீட்டினார். நடுவில் ஸ்கூல் யூனிபார்மில் சௌமியா, இரண்டு பக்கமும் மயில். கீழே ஸ்கூல் பெயர், வகுப்பு, மண்டபம், நேரலை பார்ப்பதற்கு ஒரு கியூஆர் கோடு.

"சூப்பரா இருக்குல்ல பாப்பா?"

சௌமியா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

எனக்கு நடந்த சடங்கையும் இதே மாமாதான் ஜமாய்த்தார். வீடியோ எடுத்தது ஸ்டுடியோ பிராங்க்ளின் அண்ணன். விவரம் தெரியாத என் கையில் ஒரு கூலிங் கிளாஸைக் கொடுத்து, "மெதுவா நடந்து வந்து கண்ணாடியத் தூக்கும்மா" என்றார். நடந்தேன், தூக்கினேன், மண்டபமே கை தட்டியது. அடுத்த வாரம் அது என் முழுப் பெயரோடு அவருடைய யூடியூப் சேனலில் இருந்தது. அதற்கடுத்த வாரம் வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகிவிட்டது. பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அனுசுயா என்று என்னை யாரும் கூப்பிடவில்லை. 'கூலிங் கிளாஸ்'தான்.

துவாக்குடியில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, விட்டது சனியன் என்று நினைத்தேன். முதல் நாளே ஒரு சீனியர் என் பெயரை நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எங்கம்மா?" என்றான். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அழுதேன். மறுநாள் பிராங்க்ளின் அண்ணன் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தவள், அவர் அந்த வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கும்வரை எழுந்திருக்கவில்லை. வீடியோ போய்விட்டது. ஸ்டிக்கரை யார் எடுப்பது? அது இன்னும் யார் யார் போனிலோ கிடக்கிறது.

"மாமா, பிளெக்ஸ்ல சௌமியா படம் வேண்டாம். நேரலையும் வேண்டாம்" என்றேன்.

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "அன்னைக்கு ஏதோ பசங்க விளையாட்டுக்குப் பண்ணாங்க. அதையா இன்னும் மனசுல வச்சிருக்க?"

"விளையாடுனது அவங்க மாமா. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்தது நான்."

"மாமாகிட்ட என்ன பேச்சுடி இது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து அதட்டினாள்.

"விடுக்கா," என்றார் மாமா. "வண்டி கட்டி சீர் கொண்டாறேன். நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதுதான் என் ஆசை."

அவர் குரல் கம்மியது. எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஊர் பார்க்க வேண்டும் என்று அவர் தவித்தது சௌமியாவை அல்ல, தன் சீரை.

"நல்லாத் தெரியட்டும் மாமா. சீர் கொண்டாறது யாரு? நீங்கதானே? உங்க படத்தைப் போடுங்க."

"என் படமா?" மாமாவின் கை தானாக மீசைக்குப் போனது.

சௌமியாவும் வாயைத் திறந்தாள். "எனக்குப் பட்டுப்புடவை வேணும், பாட்டு வேணும், பிரெண்ட்ஸ் எல்லாரும் வரணும். நெட்டுல மட்டும் வேண்டாம் மாமா."

பிராங்க்ளின் அண்ணனிடமும் நானே போனேன். ஆல்பம், வீடியோ எல்லாம் எங்களுக்கு மட்டும், சேனலில் மாமாவின் சீர் ஊர்வலத்தைத் தவிர எதுவும் வரக்கூடாது, மெமரி கார்டு அன்றே எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றேன்.

"அப்படி யாருக்கும் குடுத்துப் பழக்கமில்லையேம்மா."

"இனிமே பழகிக்குங்கண்ணே. இல்லேன்னா ஸ்ரீரங்கத்துல வேற ஸ்டுடியோ இல்லாமலா போயிடும்?"

தலையைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டார்.

விழா அன்று மண்டப வாசலில், மை பூசிய மீசையோடு மாமா பிளெக்ஸில் ஆள் உயரத்துக்குச் சிரித்தார். ரோட்டில் போனவர்கள், "யாருக்குக் கல்யாணம்?" என்று விசாரித்தார்கள். உள்ளே சௌமியா தோழிகளோடு போட்ட ஆட்டத்தில் மேடை அதிர்ந்தது. போனைத் தூக்கிப் பிடித்த சித்தப்பாவை, "உள்ள வைங்க, பிள்ளை ஆடட்டும்" என்று தடுத்தது யார் தெரியுமா? என்னை அதட்டிய அதே அம்மா.

சில நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மாமா வந்து நின்றார். தலையில் தொப்பி. காபியைத் தொடவில்லை. போனை என்னிடம் நீட்டினார். ஊர்வல வீடியோதான். தலையில் அன்னாசித் தட்டோடு மேளத்துக்கு ஆடுகிறார், வேட்டி நழுவுகிறது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் விடாமல் ஆடுகிறார். எவனோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, ஒரு பாட்டைச் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சந்தைக்குப் போனா, கத்திரிக்கா வாங்க வர்றவனெல்லாம் இடுப்பப் பிடிச்சுக் காட்டுறான். இத்தனை வயசான எனக்கே வெளிய தலைகாட்ட முடியல அனு. நீ சின்னப் பிள்ளை. எப்படிம்மா தெனமும் ஸ்கூலுக்குப் போன?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "போனேன் மாமா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"போனைக் குடுங்க. முதல்ல பிராங்க்ளின் அண்ணனைச் சேனல்லேருந்து எடுக்கச் சொல்லுவோம். அப்புறம் ஒவ்வொண்ணா ரிப்போர்ட் பண்ணுவோம். எனக்கு வழி தெரியும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது ஸ்கூல் விட்டு சௌமியா வந்தாள். பையை நாற்காலியில் எறிந்துவிட்டு, "மாமா, எப்ப வந்தீங்க?" என்று அவர் தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல்ல யாராச்சும் உன்னை ஏதாவது சொன்னாங்களா பாப்பா?"

"என்னையா? எதுக்கு மாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் குடிக்காமல் வைத்திருந்த காபியை எடுத்துக் குடித்தாள்.