இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு

1

இந்தக் கதை பிறந்த இடம் நெப்ராஸ்காவில், எல்மரின் முடிதிருத்தும் கடை நாற்காலி.

"யோவ் கிரேக்கா, செனட்டர் டாக்கெட் படத்தை எதுக்குய்யா வீட்ல மாட்டியிருக்க? எங்க ஆளுங்களே அந்த மனுஷனைத் திட்டுறாங்க" என்றார் எல்மர்.

கத்தி என் தொண்டையில் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. என் உண்மைகளுக்கு வழக்கமாகக் கொஞ்சம் உப்புத் தேவைப்படும். போட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "வாஷிங்டனில் அன்று பெய்த மழை, தேசத்தின் மனசாட்சியையே..."

வேண்டாம். மழை தன் வேலையைப் பார்க்கட்டும்.

இரண்டாவது: போர் முடிந்த பின் வந்த குளிர்காலத்தில், கிரேக்க நாட்டில் எங்கள் வோலோஸ் துறைமுகத்துப் பூனைகளும் எலிகளும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. துரத்தத் தெம்பில்லை. (அடிக்குறிப்பு: எலிகள் தரப்பில் கையெழுத்தானதை நானே பார்த்தேன்.) எங்களுக்குக் கோதுமை அனுப்பலாமா என்பதை வாஷிங்டனில் செனட்டின் குழு ஒன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

3

ஆர்வில் டாக்கெட் எதிர்ப்பு. "நம்ம வரிப்பணம் நமக்கே" என்று நெப்ராஸ்காவுக்கு வாக்குக் கொடுத்து ஜெயித்தவர். ஆதரவாளரான வெர்மான்ட் செனட்டர் லூசியஸ் பெம்ப்ரி ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வராவிட்டால் இரு பக்கமும் சமம். சமம் என்றால் மசோதா தோற்கும்.

செனட்டில் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவருக்காக எதிர்த்தரப்பு நண்பர் ஒருவர் தன் ஓட்டையும் போடாமல் நிறுத்திக்கொள்வார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாய்ச்சொல்தான்.

டாக்கெட் ஆஸ்பத்திரிக்குப் போனார். (நான் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்ததாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.)

"இத்தனை வருஷமா நின்னுக்கிட்டுத் தோக்கடிச்ச. இப்போ படுத்துக்கிட்டே தோக்கடிக்கப் பாக்குறியா லூசியஸ்?"

"நின்னு ஜெயிச்சு சலிச்சுப்போச்சுப்பா. ஓட்டை நிறுத்தி வைப்பியா?"

"ஊர்ல என் தோலை உரிச்சுருவாங்க."

"உன் தோலு தடிப்பு. உரிக்கிறவன்தான் பாவம்."

டாக்கெட் சிரித்துவிட்டார். "சரி போ. வாக்கு."

வாக்கெடுப்பன்று காலையில் பெம்ப்ரி இறந்துபோனார்.

4

இங்கே பேனா நின்றுவிட்டது. இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு செல்லுமா? கேட்ட காது ஒன்றே ஒன்று, அதுவும் போய்விட்டது. டாக்கெட் எதிர்த்து ஓட்டுப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

அந்த முடிவையும் எழுதிப் பார்த்தேன்: "டாக்கெட் கையை உயர்த்தி..."

அதற்கு மேல் ஓடவில்லை. கோதுமை வராத அந்த முடிவில் எனக்குப் பத்து வயது நிறைவதில்லை.

ஆகவே, இது. டாக்கெட் எழுந்தார்.

"பெம்ப்ரி இருந்தா சரின்னு சொல்லியிருப்பாரு. நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதனால நான் ஓட்டுப் போடல."

"அவர்தான் காலையிலேயே போயிட்டாரே, ஆர்வில்?" என்றார் குழுத்தலைவர்.

"தெரியும். போனவரு என் வாக்கைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகலையே!"

மசோதா ஒரே ஓட்டில் பிழைத்தது. கப்பல் வந்தது. முதல் ரொட்டி எவ்வளவு பெரிதென்றால், அதன் நிழலில் உட்கார்ந்து எங்கள் தெருவே சாப்பிட்டது. அம்மா அழுதது மட்டும் உப்புப் போடாத வாக்கியம்.

5

அந்த ஆண்டே தேர்தல். டாக்கெட் ஜெயித்தாரா? எல்மருக்குத் தெரியும். நான் எழுத மாட்டேன்.

இப்போது நீங்கள்தான் நெப்ராஸ்கா. வரிப்பணம் உங்களுடையது. உங்களுக்கும் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை உடைத்தார். திரைக்குப் பின்னால் போய், நிதானமாக யோசித்து, ஓட்டைப் போடுங்கள். என்னிடம் யோசனை கேட்காதீர்கள். ரொட்டியைத் தின்றவன் ஓட்டு செல்லாது.