இனிஷியல் பார்க்கும் கேட்

முகப்பேர் மேற்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட், இனிஷியல் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. பூட்டு கிடையாது, பகலெல்லாம் திறந்தே கிடக்கும். இனிஷியல் இல்லாதவர் காலை உள்ளே வைத்தால் கால் சாலையில்தான் ஊன்றும். எத்தனை முறை நடந்தாலும் எதிரே உள்ள மாவு மில் வாசலில்தான் போய் நிற்பார்.

இதற்கு மூலகாரணம் சங்கச் செயலாளர் பரந்தாமன். வாடகைக்கு இருப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. லிஃப்டில் கூட வந்தால் மூச்சை அடக்கிக்கொள்வார். கண்டவனெல்லாம் உள்ளே வருகிறான் என்று சொல்லி, காவலாளி கேட் கணினியில் தட்டும் பெயரைச் சரிபார்க்க ஒரு புரோகிராம் கேட்டார். இரண்டாம் மாடி அபிஷேக் எழுதிக் கொடுத்தான். அம்பத்தூரில் ஐடி வேலை அவனுக்கு. பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரே வரி: முதலில் ஓர் எழுத்து, பிறகு புள்ளி, பிறகு பெயர். இந்த அச்சில் பொருந்தினால் உள்ளே. சோதித்துப் பார்க்க வீட்டுச் சொந்தக்காரர்களின் பெயர்களை மட்டும் போட்டான். அவர்கள் எல்லோரும் அப்பா எழுத்தையோ கணவர் எழுத்தையோ சுமப்பவர்கள், அதனால் எல்லாம் பொருந்தின. பொருந்தாத பெயரையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சோம்பேறி, செய்யவில்லை. கேட் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டது.

மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த சித்ரா, புரோகிராம் ஓடத் தொடங்கிய நாள் மாலை, காய்ச்சலில் கிடந்த மகள் ஸ்வாதியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மருந்து வாங்கப் போனாள். திரும்பியபோது கேட் அவளை மாவு மில்லுக்கு அனுப்பியது. விவாகரத்துக்குப் பிறகு இனிஷியலை எல்லா அட்டைகளிலும் எடுத்துவிட்டவள் அவள். காவலாளி கன்னியப்பனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். கேட்டைத் தாண்டியதும் சாவி அவன் கையிலிருந்து நழுவி வெளியே வந்து விழுந்தது. கதவை உடைக்கச் சொன்னதற்கு, வீட்டு ஓனருக்கு யார் பதில் சொல்வது என்றார் பரந்தாமன். மேலே பால்கனியில் குழந்தை அழுதது. அத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவருக்கும் வெட்கமில்லை.

"ஒரு எழுத்துதானேம்மா, அப்பாவோடதோ வீட்டுக்காரரோடதோ போட்டுக்கோங்க" என்றார் பரந்தாமன், சிரித்துக்கொண்டே.

"ரெண்டு பேருமே என்னை வெளிய தள்ளினவங்க சார். அவங்க எழுத்து எனக்கு வேணாம்."

அபிஷேக் லேப்டாப்போடு ஓடிவந்து, இனிஷியல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வரியைத் திருத்தினான். சித்ராவின் பெயரைப் போட்டுச் சோதித்தான். பொருந்துகிறது என்று திரை சொன்னது. கேட் சட்டை செய்யவில்லை.

சித்ரா பால்கனியைப் பார்த்தாள். பிறகு கன்னியப்பனிடம், "எஸ். சித்ரான்னு போடுங்கண்ணா" என்றாள்.

"எஸ்ஸு யாரும்மா, உன் நைனாவா?"

"என் பொண்ணு."

கன்னியப்பன் தட்டினான். சித்ரா நடந்தாள். கேட் விட்டுவிட்டது.

மறுநாளே பரந்தாமன் கூட்டம் போட்டு, இனிஷியல் மேலேயிருந்துதான் வர வேண்டும், கீழேயிருந்து வரக்கூடாது என்று கத்தினார். "எழுத்து இருக்கான்னுதான் சார் அது பாக்குது, யாரோடதுன்னு பாக்கல" என்றான் அபிஷேக். அதற்குப் பிறகு வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் தங்கள் பிள்ளைகளின் எழுத்தோடு வரத் தொடங்கினார்கள். அவர்களில் குழந்தை இல்லாத கமலம் தன் தங்கையின் எழுத்தைப் போட்டுக்கொண்டாள். ஸ்வாதி பள்ளியில் தன் பெயரை சி. ஸ்வாதி என்று மாற்றிக்கொண்டாள். பரந்தாமன் இன்றும் சித்ராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் தினமும் அவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறாள்.