இருபது வருஷத்து மஞ்சள் துணி

திருப்பதியில் விமானம் ஏறுகிறவர்களின் பெட்டிகள் போகும் பெல்ட்டுக்கு அடியில், தனசேகர் மல்லாந்து படுத்து ஓர் உருளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலை விட்டு நெம்பியதும் நார் நாராக வந்தது ஒரு மஞ்சள் துணி. மலைக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியில் இதைக் கட்டிவிடுவார்கள். வேண்டுதலுக்கும் ஆச்சு, பெட்டிக்கு அடையாளமும் ஆச்சு. ஆளாளுக்குக் கட்டுவதால் அடையாளம் தொலைந்துபோய், தொங்குகிற நுனி மட்டும் உருளைக்கு வந்து சேரும். குனிந்து செய்யும் வேலையே வேண்டாமென்று விஜயபுரத்து வேர்க்கடலைக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெல்ட் பராமரிப்புக்கு வந்தவர் தனசேகர். இப்போது குனிவதில்லைதான், ஒரேயடியாகப் படுத்துவிடுகிறார். இடுப்பு போனதுதான் மிச்சம்.

அந்த இடுப்புக்கு இன்று தீர்ப்பு. புதிய கட்டடத்துக்கு எந்த பெல்ட் என்று முடிவு செய்ய, இரண்டு கம்பெனிகள் மாதிரி மிஷின்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தன. ஒன்று திறந்த உருளை, பாதி விலை. இன்னொன்று சந்து பொந்தில்லாமல் மூடியது, யானை விலை. சென்னையிலிருந்து வந்த திட்டப் பொறியாளர் கௌசிகா, வாங்கும் விலையோடு இருபது வருஷத்து கரண்ட், ரிப்பேர் எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் சொல்வாராம். உருளை மிஷின் வந்துவிட்டால் ரிட்டையராகும் வரை தரைதான் தனக்குப் படுக்கை என்று தனசேகருக்குத் தெரியும். அதனால் ஒரு வருஷமாக உருவியெடுத்த துணிகளையெல்லாம் கோணிப்பையில் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்.

உருளைக் கம்பெனி ஸ்ரீஹரி பொத்தானை அழுத்தினார். பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போயின.

"மெயின்டனன்ஸ்?" என்றார் கௌசிகா.

"வருஷத்துக்கு ஒருவாட்டி நாலு சொட்டு ஆயில், மேடம்."

தனசேகர் கோணியைக் கவிழ்த்தார். மஞ்சள் குவியலைப் பார்த்து ஸ்ரீஹரி அசரவில்லை. "துணி கட்டாதீங்கன்னு ஒரு போர்டு மாட்டினா முடிஞ்சுது. செலவே கிடையாது." கௌசிகா தலையாட்டி, லேப்டாப்பில் ஏதோ தட்டினார்.

அப்போது உருளை மிஷின் கிர்ரென்று முனகி நின்றுவிட்டது. யாரும் சொல்லாமலேயே தனசேகர் படுத்து உள்ளே நுழைந்தார். துணி வந்தது. நுனியில் மஞ்சள் கிழங்கு வைத்த முடிச்சு. பார்த்ததும் அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று. காலையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, இரண்டு மிஷினுக்கும் பயபக்தியோடு அவரே கட்டிய துணி அது.

"சூடண்டி மேடம், பாருங்க! இவரே கட்டி, இவரே எடுக்கறார்!" ஸ்ரீஹரி குதித்தார்.

கௌசிகா குனிந்து மிஷினுக்கு அடியில் பார்த்தார். "சிக்கும்னு தெரிஞ்சே ஏன் கட்டினீங்க?"

"புது மிஷினு மேடம். கட்டாம எப்டி ஓட்றது?"

"போர்டு வெச்சா கட்டமாட்டீங்கதானே?"

மாட்டோம் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி யோசித்தார்.

"போர்டுக்கும் சேத்து ஒன்னு கட்டுவாங்க மேடம்."

"யாரு?"

"நான்தான்."

கௌசிகா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். லேப்டாப்பில் பராமரிப்பு என்ற கட்டத்தில் இருந்ததை அழித்தார். "இருபது ஆயுத பூஜை..." என்று முணுமுணுத்துவிட்டு, புது எண்ணைத் தட்டாமல் நிறுத்தினார். "அதுலயும் கட்டியிருக்கீங்கல்ல? அதை ஓட்டுங்க."

மூடிய மிஷின் ஓடத் தொடங்கியது. அதன் கம்பியில் தனசேகர் கட்டிய துணியின் நுனி, ஓடும் பெல்ட்டுக்கு நாலு விரல் மேலே ஆடிக்கொண்டிருந்தது. கௌசிகாவின் விரல் கட்டத்தின் மேல் நின்றது. ஸ்ரீஹரி முழங்காலில் கைவைத்துக் குனிந்து, எங்கேயாவது சிக்காதா என்று பார்த்தார். தனசேகருக்கு எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையில் கிடந்தபடியே அந்த நுனியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உனக்காவத்தான் கட்னேன் சாமி. இன்னிக்கி ஒருநாளு சும்மா தொங்கிக்கினு இரு."

மிஷின் அதிர்ந்ததில் முடிச்சு நெகிழ, துணி மெல்லத் தாழ்ந்து, பெல்ட்டைத் தொட்டது.