துமினா கழுவிய சோறு

சும்பிங் மலையில் மேகம் காலையிலேயே தோட்டத்துக்குள் இறங்கிவிடும். அதற்குள் நின்று கொத்தினால் என் கை எனக்கே தெரியாது. போன பருவம் அப்படியொரு மேகம் விலகியபோதுதான் எங்கள் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நின்றன, நின்றபடியே தூங்குகிற மாதிரி. பிடுங்கிப் பார்த்தேன். வேர் நனைந்த கயிறாக இற்று வந்தது.

என் மனைவி துமினா அழவில்லை. அலமாரி மேலிருந்த பயணப்பையை இறக்கித் தூசி தட்டினாள்.

"அடுத்த தடவையும் வாடுச்சுன்னா நான் ஹாங்காங் போயிடுவேன், மாஸ். அக்கா இருக்கிற தெருவுலயே வீட்டு வேலைக்கு ஆள் கேக்குறாங்களாம்."

"எப்பத் திரும்புவே?"

"மிளகாச் செடியா நானு, பருவத்துக்குப் பருவம் வர்றதுக்கு?"

பை அலமாரி மேல் திரும்ப ஏறவில்லை. கட்டில் காலடியிலேயே கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் படுத்தேன்.

உழவர் குழுத் தலைவர் பாக் தர்சோனோவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பிடி பச்சைப் பூசணம் பிடித்த சோற்றைக் கையில் வைத்தார். டிரைக்கோடெர்மாவாம்.

"பூசணத்துக்குப் பூசணமே மருந்தா, பாக்?"

"இது நல்ல பயடா. வேர்ல குடியிருந்துக்கிட்டு, கெட்டதைத் தின்னுடும். அரைவேக்காடாச் சோறு வடிச்சு, ஆற வெச்சு, இதைத் தூவி மூடி வை. முழுக்கப் பச்சையானதும் தண்ணியில கரைச்சு, நட்ட செடிக்கு ஊத்து. வெயில் மட்டும் படக் கூடாது, செத்துரும். என்கிட்ட வேற கிடையாது, பாத்துக்க."

துமினாவிடம் சொல்லவில்லை. போன தடவை நான் வாங்கிப் பலிக்காமல் போன மருந்துகளின் பெயரையெல்லாம் கோழிகளுக்கு வைத்துக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள்.

அவர் சொன்னபடி வடித்துப் பூசணம் தூவிய சோற்றைப் பைகளில் கட்டி, அடுக்களைக்குப் பின்னால், மூங்கில் தட்டில் வைத்தேன். முதலில் பஞ்சு போல வெள்ளை படர்ந்தது. பிறகு பச்சை, மழைக்குப் பின் மலை காட்டுமே அந்தப் பச்சை. கூலி வேலை முடிந்து வரப்பில் கண்ணயர்ந்தால் அதே பச்சை மண்ணுக்கடியில் நடந்து போவதைப் பார்ப்பேன். சத்தமே இருக்காது. ஒவ்வொரு வேரிடமும் குனிந்து, குழந்தைக்குப் போர்த்துவது போலப் போர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகும்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால், முற்றத்து முறத்தில் வெளுத்த சோறு வெயிலில் காய்கிறது. கொடியில் காலிப் பைகள் ஆடுகின்றன.

"சோத்தை இப்படிப் பூக்க விடலாமா, மாஸ்? நெல்லுத் தாயி தேவி ஸ்ரீ அழ மாட்டாளா? அலசு அலசுன்னு அலசிக் காயப் போட்டிருக்கேன். நமக்கு ஆகலைன்னாலும் கோழிக்கு ஆகும்."

எங்கள் வீடுகளில் ஒரு பருக்கையும் வீணாகாது. அது எனக்குத் தெரியாதா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது என்ன சோறு என்று நான் சொல்லி முடித்ததும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பேரையும் கோழிக்கு வெச்சிடுவேன்னுதானே மறைச்சே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். அவள் கண் வாசல் வழியே கட்டில் காலடிப் பைக்குப் போய் வந்தது.

"அலசுன தண்ணி எங்கே?"

"எங்கே ஊத்துவாங்க? சோத்துத் தண்ணி என்னைக்காவது சாக்கடைக்குப் போயிருக்கா?"

மோவாயால் காட்டினாள். கீற்று நிழலில், வாழையிலைக் கூம்புகளில் எங்கள் மிளகாய் நாற்றுகள். ஒவ்வொன்றின் காலடியிலும் பச்சை வண்டல். சுவரோரக் கூம்புகளில் மட்டும் இல்லை.

"அதுக்குள்ள தண்ணி தீந்துடுச்சு" என்றாள்.

அந்த நாற்றுகளைத்தான் நட்டோம். வேறு என்ன செய்வது? சுவரோரத்து நாற்றுகள் ஓடைப் பக்கத்து வரிசைக்குப் போயின. மழை விடாமல் பெய்தது. கீழ்த் தோட்டத்தில் செடிகள் சாயத் தொடங்கியதாகக் கேள்விப்பட்ட அன்று இருவரும் எங்கள் தோட்டத்துக்கு ஏறினோம். மேகம் விலகட்டும் என்று காத்திருந்தோம். மெல்ல விலகியது. ஓடைப் பக்கத்து வரிசை தொங்கிக் கிடந்தது. மற்றதெல்லாம் நின்றது, மத்தியானமாகியும்.

துமினா நல்ல செடி ஒன்றைச் சடாரென்று பிடுங்கினாள்.

"அடிப்பாவி, நிக்கிறதை எதுக்குப் புடுங்குறே?"

"பாக்க வேணாமா?"

வேர் முழுக்க வெள்ளை, முளைவிட்ட பயறு மாதிரி. திரும்ப நட்டு, மண்ணை அணைத்து, கையை எடுக்காமல் வெகுநேரம் குந்தியிருந்தாள்.

முதல் பறிப்புக்குக் கூடை போதவில்லை. வீட்டுக்கு ஓடிப் போய்ப் பயணப்பையைத் தூக்கி வந்தாள். மிளகாயை அமுக்கி அமுக்கித் திணித்தாள். ஜிப் மூடவில்லை.

"இனிமே இதுல துணி வெச்சா உடம்பெல்லாம் எரியும், மாஸ்" என்றாள்.

பையின் ஒரு காதை அவள் பிடித்தாள், மறு காதை நான். மேகம் மறுபடி இறங்கிக் கொண்டிருந்தது.