எட்டு என்று எழுதிய சீட்டு

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் வண்டி போகவில்லை. மூன்றாம் நாள் காலை, மலையடிவாரத்திலிருந்து ராசு தன் மனைவி செல்லியம்மாளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தான். கூலி வேலை செய்கிற குடும்பம். அவளுக்குச் சினைப்பையில் கட்டி, அது முறுக்கிக்கொண்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் வயிற்றைத் திறக்காவிட்டால் உள்ளேயே அழுகிவிடும் என்றார் டாக்டர் குஞ்சம்மாள்.

நான் காசியம்மாள். அங்கே ரத்தப் பரிசோதனை என் வேலை. ரத்தம் எத்தனை கிராம் என்று பார்க்க அப்போது மெஷின் கிடையாது. துளி ரத்தத்தை அமிலத்தில் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு கண்ணால் ஒப்பிடவேண்டும். செல்லியம்மாளுக்கு எட்டு.

மயக்க டாக்டர் தீனதயாளன் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டார். "பத்து இருக்கணும். இல்லன்னா ரெண்டு பாட்டில் ரத்தம் ரெடியா இருக்கணும். அதான் ரூல்."

பாட்டில் விழுப்புரத்திலிருந்து வரவேண்டும். ராசு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எங்கிட்ட எடுத்துக்கங்க, எவ்ளோ வேணுமோ எடுத்துக்கங்க" என்றான். அவளுடையது ஓ நெகட்டிவ். ராசு, கட்டில் தூக்கி வந்தவர்கள், வார்டில் நின்றவர்கள், நான், எல்லாருக்கும் பார்த்தாயிற்று. ஒருவருடையதும் சேரவில்லை.

தீனதயாளன் லேபுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "கண்ணால பாக்கற கலர்தானம்மா. பத்துன்னு எழுதிக் குடு, நான் மயக்கம் குடுத்துடறேன். நாளைக்கு என்னை யாரும் கேக்க முடியாது."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அவள் முனகல் லேப் வரைக்கும் கேட்டது. ஒரு பொய்யில் ஒரு உயிர் பிழைத்தால் பிழைக்கட்டும் என்று பேனாவை எடுத்தேன்.

"காசி, எட்டுன்னே எழுது." வாசலில் குஞ்சம்மாள்.

"பத்துன்னா உடனே ஆபரேஷன் ஆயிடும் மேடம்."

"ஆவும். பத்து இருந்ததால பொழச்சாள்னு ரெகார்டு சொல்லும். அடுத்து எட்டோட வர்றவள, பாட்டில் இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க. நம்ம பக்கத்துல பத்து இருக்கற பொம்பள எத்தினி பேரு, நீயே சொல்லு."

என் நோட்டு முழுக்க எட்டும் ஏழரையும்தான். எட்டு என்றே எழுதினேன்.

தீனதயாளனுக்கு முகம் சிவந்தது. "சலுகையில சீட்டு வாங்கினு வந்தவங்களுக்கு ரூல்னா இளக்காரந்தான்."

குஞ்சம்மாளின் அம்மா திருக்கோவிலூர்ப் பக்கம் களையெடுக்கப் போகிறவள். இந்தப் பேச்சை மகள் காலேஜிலேயே கேட்டுச் சலித்தவர். "என் மார்க்க அப்பறம் எண்ணலாம் சார். இப்ப அவ நாடிய எண்ணுங்க."

வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்த செல்லியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "எனக்கு இன்னாம்மா கம்மி? முந்தாநேத்து வரைக்கும் இந்த ரத்தத்தோடதான் களை எடுத்துக்கினு இருந்தேன். எட்டோ ஏழோ, அறுத்து உடுங்க."

"கேட்டீங்களா?" என்றார் குஞ்சம்மாள். "வருஷக்கணக்கா எட்டுல ஓடற ஒடம்பு. நாடியும் பிரஷரும் நல்லா இருக்கு, உள்ள கசிவு இல்ல. ரத்தம் போனா ஏத்தணும். நம்பர் கம்மின்னு ஏத்தறதில்ல. போவாம பாத்துக்கறது என் வேல."

"நான் மயக்கம் குடுக்க மாட்டேன்."

"முதுகுல ஊசி நானே போடறேன்."

கேஸ் ஷீட்டில் எழுதினார்: ஹீமோகுளோபின் எட்டு. ரத்தம் ஏற்றாமல் அறுவை செய்கிறேன். முடிவு என்னுடையது. கீழே முழுப் பெயர், தேதி.

ரத்தம் எவ்வளவு போகிறதென்று கணக்கு வைக்க, நனைந்த துணிகளை எண்ண என்னை உள்ளே நிறுத்திக்கொண்டார். ஒரு முறை ரத்தம் குபுக்கென்று வந்தது. நான் அடுத்த துணியை நீட்டினேன். அவர் விரலால் அமுக்கிப் பிடித்து, பதறாமல் கட்டினார். கடைசியில் ஆறு துணி. ஒரு டம்ளர் ரத்தம்கூடப் போயிருக்காது.

மறுநாள் பார்த்தபோது ரத்தம் ஏழரை. செல்லியம்மாள் கஞ்சி கேட்டுச் சண்டை போட்டாள். வழி திறந்து பாட்டில் வந்தபோது, "வந்ததுதான் வந்துடுச்சி, ஏத்திடலாமே" என்றார் தீனதயாளன். குஞ்சம்மாள் அவளை வராந்தாவில் இரண்டு நடை நடக்கவிட்டார். மூச்சு வாங்கவில்லை. பாட்டில் பிரிட்ஜுக்குப் போனது.

அடுத்த மாதம் தியாகதுருகத்திலிருந்து ஆயம்மாள் என்று ஒருத்தி, குடல்வால் வீங்கி வந்தாள். குஞ்சம்மாள் அன்று லீவு, வெளியூர் சர்ஜன் வந்திருந்தார். அவளுக்கும் எட்டுதான். எட்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தீனதயாளன் மேஜையில் நானே வைத்தேன்.

"நாடி எண்பத்திரெண்டுங்க, எண்ணிட்டுதான் வந்தேன். பத்துன்னு எழுத மாட்டேன். பாட்டில் வேணும்னா எதுக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க."

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை. எழுந்துபோய் ஆயம்மாளின் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.