நாற்பத்தெட்டு எண்கள்

"பாக்அப் எடுத்தீங்களாக்கா?" என்று ரிப்பேர்க்காரப் பெண் போனில் கேட்டபோது அவளுக்கு வந்த கோபத்துக்கு, போனைச் சுவரில் அடித்திருப்பாள். வீடு பற்றி எரியும்போது வந்து நின்று, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தீர்களா என்று கேட்கிறவர்களை என்ன செய்வது? ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேறு நாதி இல்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "இல்லம்மா, எடுக்கல," என்றாள்.

"பென்டிரைவ்ல, வேற எங்கயாவது ஒரு காப்பி?"

"எதுவுமே இல்ல."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. காலை மணி பத்தரை.

பேச்செல்லாம் காதில் விழ, கட்டிலில் கிடந்தார் கணவர். இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூன்றே வருஷத்தில் நரம்பு நோய் முதலில் கையை, பிறகு காலை, கடைசியில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டது. மிச்சம் விட்டது கண்ணை மட்டும். அந்தக் கண்ணை வைத்துத்தான் அவர் பேசினார். கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே ஒட்டியிருந்த காமிரா, அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கண்டுபிடிக்கும். அவர் கோத்த வாக்கியத்தைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். அதுவும் எவனோ ஒருவன் குரலில் இல்லை. நாக்கு குழறத் தொடங்கியபோதே, டாக்டர் சொன்னாரென்று ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து, அதிலிருந்து உண்டாக்கிய அவருடைய சொந்தக் குரல். அதே கரகரப்பு, வாக்கியம் முடியுமிடத்தில் அதே அலட்சியமான இழுப்பு. உலகத்தில் அந்தக் குரல் இருந்த ஒரே இடம் அந்தக் கம்ப்யூட்டர்.

அப்டேட் செய்யச் சொல்லி அது பல மாதங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தது. அவளும் தினமும் 'பிறகு' என்பதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். இன்று காலை அந்த அறிவிப்பு அவருடைய எழுத்துப் பலகையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. சனியன் ஒழியட்டும் என்று 'இப்போதே' என்பதைத் தட்டிவிட்டாள்.

அது நாற்பது சதவீதத்தைத் தொட்டபோது அவருக்குச் சளி அடைத்தது. கட்டிலருகே உருப்படியான பிளக் பாயிண்ட் ஒன்றுதான். இன்னொன்று கருகிப்போய் ஒரு வருஷமாகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த மனிதர் கட்டிலில் கிடந்தார். கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சளி உறிஞ்சும் மெஷினைச் சொருகுவது அந்த வீட்டில் தினமும் நாலைந்து தடவை நடப்பதுதான். ஐந்து நிமிஷ வேலை, அதுவரைக்கும் பேட்டரி தாங்கும். இன்று சளி லேசில் விடவில்லை. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதைப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது திரை இருட்டாகியிருந்தது. மறுபடி ஒயரைச் சொருகி உயிர்ப்பித்தால், நீல நிறத்தில் ஒரே ஒரு கேள்வி: மீட்பு எண்ணை உள்ளிடவும், நாற்பத்தெட்டு எண்கள்.

"பாதில கரண்ட் போனதால அதுக்கு சந்தேகம் வந்துடுச்சு," என்றாள் ரிப்பேர்க்காரப் பெண். "திருடன் கையில மாட்டிக்கிட்டோமோன்னு தன்னைத்தானே பூட்டிக்கிச்சு. அந்த நம்பர் இருந்தா திறந்துடலாம். கீழே 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கு'ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை மட்டும் தப்பித்தவறிக்கூடத் தொட்டுடாதீங்க. சாரோட இன்டர்நெட் கணக்குல நம்பர் இருக்கலாம். உள்ள போனா அவர் மொபைலுக்கு ஒரு கோட் வரும்."

"அந்த சிம்மை நிறுத்தி ஆறு மாசமாச்சேம்மா. பேச முடியாதவருக்கு எதுக்குன்னு..."

"சரி விடுங்க. கண்டிப்பா எங்கயாவது எழுதி வச்சிருப்பாரு. அவர்கிட்டயே கேளுங்க."

"எப்படிம்மா கேக்கறது? அவர் வாயே அந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கு!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாறுவதற்குள் போனை வைத்தாள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அவர்கள் ஓர் எழுத்து அட்டை வைத்திருந்தார்கள். அவள் ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்துவாள், வேண்டிய எழுத்தில் அவர் இமையை மூடித் திறப்பார். இருவருக்குமே அதைக் கண்டால் ஆகாது. இரண்டாவது எழுத்துக்குள் அவள் முழுச் சொல்லையும் ஊகித்துச் சொல்லிவிடுவாள், முக்கால்வாசி தப்பாக. கம்ப்யூட்டர் வந்ததும் அவர் பேசிய முதல் வாக்கியமே, "முந்திரிக்கொட்டை, அந்த அட்டையைத் தூக்கிக் குப்பையில போடு" என்பதுதான். அவளும் மனசாரப் போட்டுவிட்டாள்.

இப்போது ஸ்கேன் உறை ஒன்றைக் கிழித்து, அதன் முதுகில் மறுபடி எல்லா எழுத்துகளையும் எழுதினாள். அவசரத்தில் எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

"என்னங்க, அந்த நம்பர் எங்க இருக்கு? எங்க எழுதி வச்சீங்க?"

விரல் நகர்ந்தது. 'ப'வில் இமைத்தார். உயிரெழுத்து வரிசையில் 'ஓ'வில் இமைத்தார்.

"போ... போட்டோ! போட்டோக்குப் பின்னாடியா?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். சுவரில் இருந்த எல்லாப் படங்களையும் கழற்றி, பின்னட்டைகளைப் பெயர்த்து, ஆல்பங்களை உதறி, ஒன்றேகால் மணி நேரம் வீட்டையே தலைகீழாக்கினாள். ஒரு எண்கூட இல்லை. வியர்த்து வழிய அவள் திரும்பி வந்தபோது அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். அவர் கோபமெல்லாம் இப்போது அப்படித்தான்.

"தப்புதாங்க. இனிமே வாயைத் திறக்கல. சொல்லுங்க."

கண் திறந்தது. அடுத்த எழுத்து 'ன்'. போன்.

அவள் தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவருடைய பழைய போனைக் கடையில் கொடுத்து, அதற்கு மாற்றாக வாங்கிய போன். கொடுக்கும்போது கடைக்காரன், "உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சிடட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அவளும் பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்ட காலிலே படும் என்பார்கள். அவள் காலை யாரும் இடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளே தேடிப்போய்க் கல்லில் இடித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ரிப்பேர்க்காரப் பெண் நேரிலேயே வந்தாள். ஒல்லியாக, தோளில் கனத்த பையோடு இருந்தாள். பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"டிஸ்க் போர்டோடவே ஒட்டியிருக்குக்கா, தனியா எடுக்க முடியாது. எடுத்தாலும் பூட்டு பூட்டுதான். இதைக் கொடுத்த டிரஸ்ட்டுக்குப் போன் பண்ணேன். வேற மெஷின் வர மூணு வாரமாகுமாம். இல்லேன்னா இதையே அழிச்சுப் புதுசா ஏத்தலாம். சாயங்காலமே சார் பேசுவாரு. ஆனா அவரோட குரல் இருக்காது, அதுல இருக்கற பொதுக் குரல்தான்."

"மூணு வாரம் இருக்கோம்," என்று அவள் சட்டென்று சொன்னாள். "மூணு வாரம்தானே? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். இதை இப்படியே பத்திரமா வச்சிருப்போம். என்னைக்காவது திறக்க ஒரு வழி வராமலா போயிடும்?"

ரிப்பேர்க்காரப் பெண் கட்டிலைப் பார்த்தாள். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அட்டையை எடுத்தாள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் காத்திருந்தாள். அவருடைய இமைகளும் இப்போதெல்லாம் தாமதமாகத்தான் மூடின. சம்மதமா, களைப்பா என்று பிரித்தறிய ஒவ்வொரு முறையும் பார்த்திருக்க வேண்டும். 'அ' வந்தது. பிறகு 'ழி'. அவ்வளவுதான். அவர் நிறுத்திக்கொண்டார்.

"அழியாம பாத்துக்கணுமா?" என்று கேட்டாள். புரியாமல் கேட்கவில்லை. நன்றாகப் புரிந்ததால் கேட்டாள்.

அவர் இமைக்கவில்லை.

"உங்களுக்கு நிலைமை புரியலங்க. அழிச்சா உங்க குரல் போயிடும், திரும்ப வரவே வராது. இனிமே உக்காந்து பதிவு பண்ணவா முடியும்?"

அவர் கண் மறுபடி அட்டைக்குப் போனது. ஆறு நிமிஷமாயிற்று. யாருக்கு, என்று கேட்டிருந்தார். அந்தக் குரல் யாருக்கு?

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணிடம் பொய் எடுபடாது. எனக்கு, என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு, இந்த அறையில் தனியாக உட்கார்ந்து, கதவைச் சாத்து, விளக்கை அணை என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு. இத்தனை நாளும் அந்தக் கணக்கு அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது, அவளிடமே சொல்லிக்கொள்ளாமல். அவர் உயிரோடு, மூச்சோடு கண்ணெதிரே இருக்கும்போதே, அவர் இல்லாத வீட்டுக்கு அவள் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பே கூசியது.

"எனக்குத்தான்," என்றாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அட்டையைப் பார்த்தார். இப்ப பேசணும், என்று முடிக்க இருபது நிமிஷமாயிற்று. பாதியில் இமை களைத்து இரண்டு முறை நின்றது. ரிப்பேர்க்காரப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

அடுத்த வீட்டிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கிவந்து சளி மெஷினுக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தார்கள். காலையிலேயே செய்திருக்கலாம். வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு அணை கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அழிக்கும் பொத்தானை அவளே தட்டுவதாகச் சொன்னாள். அது ஒரே தடவையில் விடவில்லை. நிச்சயமாகவா என்று கேட்டது. எல்லாம் நீங்கிவிடும், சம்மதமா என்று கேட்டது. திரும்பப் பெற முடியாது, தொடரலாமா என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் அவர் இமைத்தார். மூன்றாவது தடவை அவள் தன் கண்ணையும் மூடிக்கொண்டு தட்டினாள். ஆயிரத்து அறுநூறு வாக்கியமும் போனதற்கு ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

எல்லாம் ஏற்றி, காமிராவைச் சரிசெய்து, பேச்சு மென்பொருளைப் போட்டு முடிக்கும்போது மணி ஐந்தேகால். ரிப்பேர்க்காரப் பெண் திரையை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அவருடைய கண் அங்குமிங்குமாக வேகமாக ஓடியது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாரென்று நினைத்தாள். தேற்றுவாரென்றும் நினைத்தாள்.

செய்தி வாசிப்பவன் போல ஒரு குரல், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சொன்னது: "காலையிலேருந்து முதுகு அரிக்குது. இடது பக்கம்."

பத்தரை மணியிலிருந்து அவரிடம் நூறு கேள்வி கேட்டிருப்பாள். அத்தனையும் நம்பரைப் பற்றி. உங்களுக்கு ஏதாவது வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஐயோ, பாவி நான்," என்று அவரைப் பக்கவாட்டில் புரட்டி, சட்டையை உயர்த்தி, இடது தோள்பட்டைக்குக் கீழே சொறிந்தாள். புரண்டிருக்கும்போது அவருக்குத் திரை தெரியாது, பேச முடியாது. மேலேயா கீழேயா என்று தெரியாமல் முதுகு முழுக்கச் சொறிந்தாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையில்லை. பிறகு மெல்ல அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்து, திரைக்கு நேராக முகத்தை வைத்தாள்.

"போதுமாங்க?"

கண் ஓடியது.

"இன்னும் கொஞ்சம்," என்றது யாரோ ஒருவன் குரல். அவள் அவரை மறுபடி புரட்டினாள்.