மீதிப் புள்ளி ஒன்று

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் தரை துடைக்கும் திரவம் விற்கும் வேலையில் சேர்ந்த பிறகு ஆபீசிலும் தெருவிலும் சொந்தக்காரர்கள் மத்தியிலும் அவர் தொண்ணூற்றொன்பதுதான். வாயைத் திறந்தால், "தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது சதவீதம் கிருமி காலி!" என்பார். துக்க வீட்டுக்குப் போனால் முதலில் தரையைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் முகத்தைத் துக்கமாக்கிக்கொள்வார்.

"மீதி புள்ளி ஒண்ணு எங்கப்பா போகும்?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"அது சும்மா, ஒரு பேச்சுக்குப் போடுறதும்மா" என்று மழுப்பிவிட்டார். விற்பனைப் பயிற்சியில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

வீட்டில் எல்லோரும் செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட வேண்டும். அவருக்கு மட்டும் விலக்கு. வாசலில் ஒரு மிதியடி. அது எந்நேரமும் அவருடைய திரவத்தில் நனைந்து கிடக்கும். அதில் ஷூவை இரண்டு தேய் தேய்த்துவிட்டு, மாப்பிள்ளை போல நடுக்கூடம் வரை நடந்து வருவார். "என் ஷூ அடியில சாப்பாடு வச்சு சாப்பிடலாம்" என்பார். யாரும் சாப்பிட்டதில்லை.

அந்த வீட்டுக்குள் மகள் அழுது அடம்பிடித்து ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. தூங்கும்போது கால், வால், மூக்கு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு கட்டி வைத்தது போலக் கிடக்கும். அதனால் பொட்டலம் என்று பெயர். பொட்டலத்துக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் அவருடைய கறுப்பு ஷூ. அவர் உள்ளே வந்ததும் ஓடிவந்து ஷூவை நக்கும், கடிக்கும், அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிடும். அவருக்குப் பெருமை பிடிபடாது.

முதல் தடுப்பூசி போட்டாயிற்று. இரண்டாவதற்கு நாள் வந்தபோது, "வெளியவே போகாத குட்டிக்கு, அதுவும் நம்ம தரையில வளர்ற குட்டிக்கு எதுக்கு மறுபடி ஊசி? பாவம், வலிக்கும்" என்றார் தொண்ணூற்றொன்பது. மனைவி ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க ஊரார் பொய்யைக் காதில் வாங்கிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் வாதாடத் தெம்பு இல்லை. சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் அதற்கு அடுத்த வாரமானது.

அன்று அவருக்கு விடுமுறை. மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட்டார்கள். பொட்டலம் காலையில் வைத்த சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷூவையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சோபா பக்கத்தில் வாந்தி எடுத்தது.

வேறு யாராக இருந்தாலும், ஐயோ குட்டிக்கு என்ன ஆச்சு என்று பதறியிருப்பார்கள். இவருக்குக் கண் பளிச்சிட்டது. அவரிடம் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் 'துடைக்கும் முன்', 'துடைத்த பின்' என்று வீடியோ போடுவார். இதுவரை சாம்பாரையும் சேற்றையும் அவரே கொட்டித்தான் துடைத்து வந்தார். இன்றைக்கு அசல் சரக்கு தானாக வந்து விழுந்திருக்கிறது. செல்போனை எடுத்து நிதானமாகப் படம் பிடித்தார். பிறகு துடைத்தார். தரை கண்ணாடியாக மின்னியது. குழுவில் கைதட்டல்கள் குவிந்தன.

மறுபடி வாந்தி, மஞ்சளாக, நுரையாக. அதற்கப்புறம் பேதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'முன்', ஒரு 'பின்'. குட்டி மூலையில் போய்ச் சுருண்டது. சமர்த்தாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி வாசலில் கால் வைத்ததுமே நின்றாள். "ஏங்க, என்ன இன்னிக்கு வீடே எலுமிச்சை வாசனை அடிக்குது?"

"சுத்தமா இருந்தா வாசனை வரத்தானே செய்யும்."

"ஒரு தடவை துடைச்சா இவ்வளவு வராது. எத்தனை தடவை துடைச்சீங்க?"

"அது... குட்டி லேசா எதையோ கக்கிடுச்சு. நீ டென்ஷன் ஆகாத, எல்லாம் க்ளீன்."

'லேசா' என்ற வார்த்தையைப் புகார் பிரிவில் தினமும் கேட்கிறவள் அவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார்கள். நேரே மூலைக்குப் போய்ப் பொட்டலத்தைத் தூக்கினாள். ஈரத்துணி மாதிரி கையில் தொங்கியது. ஈறு வெளுத்திருந்தது. பிடித்து விட்ட தோல், பழையபடி படியாமல் அப்படியே நின்றது. வால் மட்டும் ஒரே ஒரு தடவை அசைந்தது.

"கிளம்புங்க" என்றாள். பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காத மகள் அப்படியே ஆட்டோவில் ஏறினாள்.

கால்நடை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அதட்டிப் பேசாதவர், ஆனால் வழவழவென்றும் பேசாதவர். வாசலிலேயே நிறுத்தி, மற்ற குட்டிகளிடமிருந்து தள்ளி, ஒரு தனி அறைக்கு அனுப்பினார்.

"வாந்தி என்ன நிறத்துல இருந்துது?"

"துடைச்சுட்டேன் டாக்டர்."

"பேதில ரத்தம் இருந்துதா? நாத்தம் வேற மாதிரி இருந்துதா?"

"எலுமிச்சை வாசனைதான் டாக்டர் வந்துது" என்றார் தொண்ணூற்றொன்பது. சொன்ன பிறகுதான் அது அவருக்கே அபத்தமாகக் கேட்டது.

"கொஞ்சம் எடுத்துட்டு வந்தீங்களா?"

"எங்க வீட்டுல ஒரு சொட்டு கிடைக்காது டாக்டர்!" பழக்கதோஷம், பெருமையாகவே வந்துவிட்டது.

மகள்தான் சொன்னாள், "அப்பா வீடியோ எடுத்து குரூப்ல போட்டிருக்காரு ஆன்ட்டி."

மருத்துவர் செல்போனை வாங்கிப் பார்த்தார். 'முன்' ஓடியது. 'பின்' ஓடியது. கைதட்டல்களையும் பார்த்தார். மூன்றாவது 'முன்'னில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினார். "இது ரத்தம் சார். இவ்வளவு தெளிவா இருக்கு. உங்க கண்ணுல படலையா?"

"நான் தரையைப் பார்த்தேன் டாக்டர்" என்றார்.

மருத்துவர் பஞ்சுக் குச்சியால் குட்டியின் பின்பக்கம் தொட்டு, ஒரு சின்னப் பட்டையில் வைத்தார். இரண்டு கோடு விழுந்தது. "பார்வோ வைரஸ். குடலையே அரிச்சுடும். இதைக் கொல்ல மருந்து கிடையாது. நரம்பு வழியா தண்ணி ஏத்தி, வாந்தியை நிறுத்தி, வேற கிருமி சேராமப் பார்த்துக்கிட்டா, குட்டி தானே போராடி ஜெயிக்கணும். வாந்தி நிக்கிற வரைக்கும் வாயில எதையும் திணிக்காதீங்க. காலையிலயே கொண்டு வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"பிழைச்சுடுமா?" மகள் கேட்டாள்.

"முயற்சி பண்ணுவோம் கண்ணு." பொய் சொல்லத் தெரியாத பெண்மணி.

தொண்ணூற்றொன்பது குறுக்கிட்டார். "டாக்டர், எங்க வீட்டுக்குள்ள கிருமி வர வாய்ப்பே இல்லையே..."

"இது வேற ஜாதிக் கிருமி சார். உங்க வாசனைத் தண்ணிக்கெல்லாம் மசியாது. அழுக்கைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு, ப்ளீச்சைத் தண்ணியில கலந்து ஊத்தி, கொஞ்ச நேரம் அப்படியே ஊற விடணும். இல்லேன்னா மாசக்கணக்குல தரையில உக்காந்திருக்கும். நோய் வந்த நாய் இருந்த இடத்தை மிதிச்ச ஷூவே போதும், வீட்டுக்கு வந்துடும். அந்த மாதிரி எங்கயாவது போனீங்களா?"

அவர் குனிந்து தன் கறுப்பு ஷூவைப் பார்த்தார்.

போன வாரம் ஒரு நாய்ப்பண்ணைக்குப் போயிருந்தார். "சில குட்டிங்க செத்துடுச்சு சார், என்னமோ வயித்துப்போக்கு" என்றார் பண்ணைக்காரர். ஊர் சிரித்தாலும் அழுதாலும் சரக்கு விற்பவனுக்கு வாய்ப்புதான். கூண்டு கூண்டாக ஷூவோடு நடந்து, துடைத்துக் காட்டி, டிரம் டிரமாக ஆர்டர் வாங்கினார். "துடைச்சு விட்டுட்டுப் புதுக்குட்டிங்களை தைரியமா விடுங்க, நான் பொறுப்பு" என்று வாக்கும் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்து, மிதியடியில் இரண்டு தேய் தேய்த்து, மாப்பிள்ளை போல நடுக்கூடம் வரை வந்தார். பொட்டலம் ஓடிவந்து ஷூவை நக்கியது.

மேசை மேல் பொட்டலம் கிடந்தது. முன்காலில் ஊசி, ஊசியில் குழாய், குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மகள் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவருக்குத் தானும் தொட வேண்டும் போலிருந்தது. தன் கைமேலேயே அருவருப்பாக இருந்ததால் தொடவில்லை.

அப்போது பார்த்து செல்போன் அடித்தது. பண்ணைக்காரர். ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"சார், உங்க சரக்கை ஊத்திப் பளபளன்னு துடைச்சாச்சு. நாளைக்குப் புதுக்குட்டிங்க வண்டியில வருது. உள்ள விட்டுடலாம்ல?"

மனைவி அவரையே பார்த்தாள். 'பிரச்சினை இல்லைங்க' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருடம் சொல்லித் தேய்ந்த வார்த்தை.

"விடாதீங்க" என்றார்.

"என்ன சார்?"

"குட்டிங்களை உள்ள விடாதீங்க. வேற இடத்துல வச்சு, டாக்டரைக் கூப்பிட்டு ஊசியை முடிங்க. கூண்டுக்கு ப்ளீச்சு போடுங்க. என் சரக்கு இதுக்குப் பத்தாது."

"தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். மீதிப் புள்ளி ஒண்ணு என் வீட்டுக்கு வந்துடுச்சுங்க. இங்க டாக்டர் மேசையில படுத்திருக்கு."

பண்ணைக்காரர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, டிரம்மைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லி முடித்தார். செய்தி மேனேஜருக்குப் போக நேரமாகவில்லை. "நாய் வித்த காசு குரைக்காதுய்யா! உன்னை யாரு உண்மை பேசச் சொன்னது?" என்று அவரும் தன் பங்குக்குக் கத்தினார். தொண்ணூற்றொன்பது எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு சொட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் மிதியடியைக் குப்பையில் போட்டார். ஷூவை ப்ளீச்சில் முக்கினார். அது வெளுத்து, சுண்ணாம்பு அடித்த காக்கை மாதிரி ஆனது.

பொட்டலம் பலநாள் மருத்துவமனையில் கிடந்தது. ஒருநாள் அவ்வளவுதான் என்றே நினைத்தார்கள். மகள் அழுகையை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள், அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். மறுநாள் பொட்டலம் தலையைத் தூக்கியது. அதற்கும் மறுநாள் தானாகத் தண்ணீர் நக்கியது.

எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தபோது, "இன்னும் கொஞ்ச நாள் கழிவுல கிருமி வரும். மத்த நாய்ங்ககிட்ட விடாதீங்க. என்ன போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

அடுத்த நாள் காலை கூடத்திலிருந்து தொண்ணூற்றொன்பதின் கூச்சல் கேட்டது. "எல்லாரும் வாங்க! ஓடி வாங்க! யாரும் மிதிச்சுடாதீங்க!"

மனைவி ப்ளீச் வாளியோடு ஓடிவந்தாள். நட்ட நடுக்கூடத்தில், பளபளத்த தரையில், பொட்டலம் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, தங்கத்தை உரசிப் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"பாரு, கெட்டியா இருக்கு! ரத்தம் இல்ல! நல்ல நிறம்!"

"சரிங்க, நகருங்க, துடைக்கிறேன்."

"இரு இரு, தொடாத! டாக்டருக்கு அனுப்பிக்கிறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடியோ எடுத்தார். கை பழக்கத்தில் பழைய குழுவைத் தட்டியது. வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

உடனே ஒருவர் எழுதினார்: "சார், 'முன்' பார்த்தாச்சு. 'பின்' எங்கே?"

பொட்டலம் தள்ளாடி வந்து அவருடைய வெறுங்காலை நக்கியது. அவர் ஒரு விரலால் மெதுவாகத் தட்டச்சு செய்தார்.

"இதுதாங்க பின்."